மஞ்சள் துணி கட்டிய ரிக்‌ஷா

ரயில்வே கேட் சாத்தியிருந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி, போவதா வருவதா என்று தீர்மானிக்காத மாதிரி, கொஞ்சம் முன்னால் போவதும் மறுபடி பின்னால் வருவதுமாக இருந்தது. பெட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம், ரிக்‌ஷாவில் என் தோளில் சாய்ந்திருந்த பாக்கியம் என் மணிக்கட்டை இறுக்குவாள். பிறகு மெதுவாக விடுவாள். விடும்போது விரல்களில் பலம் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

காசிமேட்டுக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பெண் அவள். தலைப்பிரசவம். வலி எடுப்பதற்கு முன்னாலேயே உதிரம் போக ஆரம்பித்துவிட்டது. பாயைப் பார்த்ததுமே, இது வீட்டில் வைத்துப் பார்க்கும் பேறு அல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“கேட் எப்போ தொறப்பாங்க?” என்று கேட்டேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற கன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. “தெர்லம்மா. கூட்ஸு நவுந்தாத்தான்.”

ரிக்‌ஷாவின் கால்மிதிப் பலகையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கன்னியப்பன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ரிக்‌ஷாவை முழு வட்டமாகத் திருப்பி, துறைமுகச் சுவரை ஒட்டிய ரோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.

பகலில் ரிக்‌ஷா போகக் கூடாது என்று போலீஸ் உத்தரவு போட்டிருந்த ரோடு அது.

‘வலிக்கிற’ மனிதன்

கன்னியப்பனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் தெற்கத்திக்காரி. ராயபுரத்தில் என் அண்ணன் மளிகைக் கடை வைத்திருந்தார். மருத்துவச்சிப் படிப்பு முடித்த கையோடு நகரசபையில் வேலை கிடைத்து, அவர் வீட்டு மாடியில் வந்து குடியேறினேன். வேலை எனக்குப் புதிதாக இல்லை. பாஷைதான் புதிது. எங்கள் ஊரில் யாராவது ‘கீது’ என்றால் தென்னங்கீற்றைத் தேடுவார்கள். இங்கே வயிற்றில் பிள்ளை ‘கீது’, அடுப்பில் சோறு ‘கீது’, எல்லாமே ‘கீது’.

வந்த புதிதில் ஒருநாள் கடை வாசலில் ஒட்டி உலர்ந்த ஒரு ஆள் வந்து நின்றார். “நர்ஸம்மா, நீங்கோ போறதுக்கு வர்றதுக்கு நான் வலிக்கிறேன்” என்றார்.

நான் பதறிப்போய், “எங்கே வலிக்குது? உள்ளே வந்து உக்காருங்க” என்றேன்.

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ரிக்‌ஷா இழுப்பதைத்தான் இந்த ஊரில் வலிப்பது என்கிறார்கள் என்று அண்ணன் விளக்கினார். கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. “கேட்டாங்களே அம்மா, அதுவே போதும். இத்தினி வர்ஷம் யாரும் கேட்டதில்ல” என்றார்.

அன்றிலிருந்து அவர் ரிக்‌ஷாதான் எனக்கு. (மேலே ‘அவன்’ என்று எழுதிவிட்டேன். அந்தக் காலத்தில் ரிக்‌ஷாக்காரரை எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். எழுத உட்கார்ந்ததும் பழைய நாக்கு வந்துவிட்டது. இனி ‘அவர்’ என்றே எழுதுகிறேன்.)

மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் இழுப்பார். எனக்கு ஒரு சொட்டுத் தெறிக்காது. பேறு முடிந்து வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் அழுகை கேட்டால், வாசலில் உட்கார்ந்திருக்கிற அவர் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். யாருக்குக் காட்டும் மரியாதை அது என்று நான் கேட்டதில்லை.

கோயிந்தன்

அந்த ரோட்டில் ரிக்‌ஷா கூடாது என்ற உத்தரவு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா வரவில்லை.

அதற்கு முன்பெல்லாம் ரோட்டில் எது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போகும். மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும்; வண்டிக்காரர் தூங்கிக்கொண்டு போவார். ஜட்கா, கைவண்டி, ரிக்‌ஷா, தலைச்சுமைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே ரோடு. இடித்தால் திட்டிக்கொள்வார்கள். திட்டி முடித்தபின் ஒரே பீடியில் பற்றவைத்துக்கொள்வார்கள். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஏறக்குறைய ஒரே வேகம். அதனால் உயிருக்குச் சேதம் இல்லை.

பிறகு லாரிகள் வந்தன. காற்றடைத்த டயர் பாதி, காற்றில்லாத கட்டி ரப்பர் டயர் பாதி. வருகிற சத்தத்தில் சுவர் அதிரும். துறைமுகத்திலிருந்து நிலக்கரியும் மரமும் ஏற்றிக்கொண்டு, ஒரு பக்கம் கடல்சுவர், மறுபக்கம் கிடங்குகள் என்று இருக்கிற அந்த ஒடுங்கிய ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

கோயிந்தன் என்றொரு ரிக்‌ஷாக்காரர். கன்னியப்பனின் தோஸ்து. ஒரு காலை நேரம் லாரிக்கு வழிவிடச் சுவரோரம் ஒதுங்கினார். லாரியும் அதே பக்கம் ஒதுங்கியது. அவ்வளவுதான். சுவரிலிருந்து அவரை எடுத்தவர்களில் கன்னியப்பனும் ஒருவர்.

அந்தச் சமயத்தில் பட்டணத்து வண்டி விதிகளையெல்லாம் புதுக்காலத்துக்கு ஏற்றபடி திருத்த ஒரு அதிகாரியைப் போட்டிருந்தார்கள். ராகவராவ் என்று பேர். மணிக்கூண்டு பக்கம் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு காலையெல்லாம் நின்று ரோட்டைப் பார்ப்பார். ‘குடை ஆபீசர்’ என்று பிள்ளைகள் கூப்பிடும். கோயிந்தனை எடுத்தபோது அவரும் அங்கே இருந்தார். விதிகள் திருத்தி முடிகிறவரை காத்திருக்காமல், பகலில் அந்த ரோட்டில் ரிக்‌ஷா கூடாது என்று போலீசைக் கொண்டு உடனே உத்தரவு போடச் செய்தவர் அவர்தான்.

மற்ற ரிக்‌ஷாக்காரர்கள் அவரைத் திட்டினார்கள். சுற்றுவழி போனால் கேட்டில் காத்துக் கிடக்க வேண்டும் என்று பேஜார். கன்னியப்பன் மட்டும் திட்டவில்லை.

“நல்ல உத்தரவும்மா அது. ரெண்டு வாரம் முந்தி வந்திருந்தா கோயிந்தன் உயிரோட இருந்திருப்பான்” என்றார்.

அப்படிச் சொன்ன மனிதர்தான் அன்றைக்கு என்னையும் பாக்கியத்தையும் ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் ஓடினார்.

கரிக்காரிகள்

கிடங்குகள் தொடங்கும் இடத்தில் பாக்கியம் என் மணிக்கட்டை விட்டுவிட்டு, இருக்கையின் பக்கக் கட்டையைப் பிடித்தாள். “நர்ஸம்மா... வருது” என்றாள்.

“நிறுத்துங்க!”

கன்னியப்பன் நிறுத்தினார். ஆனால் கைப்பிடியைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் ரிக்‌ஷா முன்னால் சாயும், அவள் சறுக்கிவிடுவாள். இடுப்புயரத்தில் அதைத் தாங்கிப் பிடித்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல் மாதிரி நின்றார்.

பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. எதிரே இன்னொன்று. இரண்டும் ஊதின. பட்டப்பகல். ரோட்டில் நூறு கண்கள். படுதாவை இழுத்தேன்; பாதிதான் வந்தது.

நிலக்கரிக் கூடை சுமந்துகொண்டு போன பெண்கள் ஏழெட்டுப் பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள். “இன்னாங்கடி பாத்துகினு கீறீங்கோ? சுத்தி நில்லுங்கோ!” என்றாள்.

அவ்வளவுதான். கரி படிந்த அந்தப் பெண்கள் ரிக்‌ஷாவைச் சுற்றி முதுகைத் திருப்பி நின்று, முந்தானைகளை விரித்துப் பிடித்தார்கள். வெளியே லாரி ஊதுகிற சத்தம். உள்ளே கரி வாசனையும் வேர்வை வாசனையும். வெளிச்சம் துணி வழியாகச் சாம்பல் நிறமாக வந்தது. எத்தனையோ ஆஸ்பத்திரி அறைகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் போல ஒரு அறையைப் பார்த்ததில்லை.

குழந்தை வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்திருந்தது. கொடியை விரலால் தளர்த்தித் தலைக்கு மேலே எடுத்தேன். வாயைத் துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினேன். ஒன்றும் இல்லை.

“அழுடா” என்றாள் கூடையைப் போட்ட கரிக்காரி, திரும்பாமலேயே. “அழு ராஜா.”

அழுதது.

அந்த நேரம் பார்த்துத்தான் சார்ஜென்ட் பின்டோ வந்து சேர்ந்தார். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்த சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். அவர் பேசும் மெட்ராஸ் பாஷைக்கு முன்னால் குப்பத்துக்காரர்களே தோற்றுப்போவார்கள்.

“ரிக்‌ஷா எவண்டா உள்ள வுட்டது? யார்டா வண்டி இது?” என்று கத்திக்கொண்டே வந்தவர், அழுகையைக் கேட்டு நின்றார். தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் கழற்றியபடியே நின்றார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டு, கன்னியப்பனின் கையில் கட்டியிருந்த பித்தளை லைசென்ஸ் வில்லையின் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “கண்ணால பாத்துட்டுமா எழுதறீங்க?”

“ஆர்டர்னா ஆர்டர், சிஸ்டர். நான் எழுதாம வுட்டா நாளைக்கு இன்னொர்த்தன் வருவான். செவுத்துல ஒட்டிகினு சாவான்” என்றார். பிறகு, “ஆஸ்பத்திரி வரைக்கும் போவணுமா?” என்று கேட்டார்.

“உதிரம் இன்னும் நிக்கல.”

அவ்வளவு கேட்டதும் முன்னால் போனார். “தள்றா! ஓரம் போடா!” என்று லாரிகளை ஒதுக்கிக்கொண்டு, ரோட்டு முனை வரைக்கும் எங்களுக்கு முன்னால் ஓடினார். பூட்ஸோடு, அந்தக் கனத்த உடம்போடு ஓடினார். எழுத வேண்டியதை எழுதினார்; செய்ய வேண்டியதையும் செய்தார். அவரிடம் எனக்கு இருந்த கோபத்தை அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பாக்கியம் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாய் தக்கியிருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கேட் திறக்கிறவரை காத்திருந்தால் என்று அதற்கு அர்த்தம்.

ஒரு சத்தியம்

பாக்கியத்தின் மாமியார் முத்தாலம்மா வழியெல்லாம் ஓடி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களைப் பிடித்தாள். பேரனைப் பார்த்தாள், அழுதாள். பிறகு கன்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நைனா, உனக்குப் புண்ணியமாப் போவும். ஆனா ஒண்ணு. ரோட்டுல பாத்தவங்களுக்கு இவ யாருன்னு தெரியாது. இது வண்டிலயே பொறந்துச்சுன்னு வெளிய தெரியக் கூடாது. நடு ரோட்டுல பெத்தவன்னு ஆயுசுக்கும் பேராயிடும். புள்ளயத் தெருவுல பொறந்தவன்னு கூப்புடுவாங்கோ. சத்தியம் பண்ணு.”

கன்னியப்பன் அந்தக் கையின்மேல் இன்னொரு கையை வைத்தார். “சொல்ல மாட்டேன், ஆத்தா.”

என்னைப் பார்த்தாள். நான் சத்தியம் செய்யத் தேவையில்லை. பேறு பார்த்த வீட்டுக் கதையை வெளியே பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

“அது என்னோட அவசரம் இல்லீங்கோ”

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் கன்னியப்பனைக் கூப்பிட்ட அன்று நானும் போயிருந்தேன்.

“தடை செய்யப்பட்ட ரோட்டில் ரிக்‌ஷா ஓட்டினாயா?”

“ஓட்டினேங்க.”

“உத்தரவு தெரியுமா தெரியாதா?”

“தெரியுங்க. நல்ல உத்தரவுங்க.”

மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார். நல்ல உத்தரவு என்று சொல்கிற குற்றவாளியை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

“பின்னே ஏன் மீறினாய்?”

“அவசரங்க.”

“என்ன அவசரம்?”

“அது என்னோட அவசரம் இல்லீங்கோ. அதனால சொல்ல முடியாதுங்கோ.”

சாட்சிக் கூண்டில் நின்ற பின்டோ தொண்டையைக் கனைத்தார். “கனம் கோர்ட்டார் அவர்களே, வண்டியிலே ஒரு—”

“சார்ஜன் தொரை!” கன்னியப்பன் கை கூப்பினார். “வோணாம். ரிக்‌ஷா உள்ள வந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்கோ.”

பின்டோ என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். “வந்தது” என்றார்.

வில்லையைப் பறித்தார்கள். திருத்திய விதிகள் அமலுக்கு வருகிறவரை அவர் ரிக்‌ஷா இழுக்கக் கூடாது. வில்லை இல்லாத கை என்றால் ரிக்‌ஷாக்காரனுக்குக் கை இல்லாத மாதிரி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். வில்லை கட்டியிருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே, “ஆஸ்பத்திரில கொயந்த பால் குடிக்குதாமா?” என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து துறைமுகத்தில் கரி சுமக்கப் போனார். பழக்கமில்லாத வேலை. கழுத்து வீங்கிவிட்டது. நான் வேறு ரிக்‌ஷாவில் அந்தப் பக்கம் போகும்போது பார்த்தால், கூடையோடு நின்று ஒதுங்கி வழிவிடுவார்.

மாடு தூங்கலையே!

பாக்கியத்தின் குழந்தைக்குத் தலை நின்ற சமயம், ராயபுரத்தில் தண்டோரா போட்டார்கள். புதிய வண்டி விதிகளைப் பற்றி யாருக்காவது ஆட்சேபணை இருந்தால், பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து அதிகாரி முன்னால் சொல்லலாம் என்று.

ஊரே திரண்டுவிட்டது. திருவொற்றியூரிலிருந்து வண்டிக்காரர்கள், எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றுகிறவர்கள், லாரி முதலாளிகள், ஜட்காக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ராகவராவ் மேஜைக்குப் பக்கத்தில் குடையைச் சாத்தி வைத்துவிட்டு, ஒவ்வொரு விதியாகத் தமிழில் படித்தார். தெலுங்கு வாடை அடிக்கும் தமிழ். ஆனால் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

எல்லா வண்டியும் இடப்பக்கம் போக வேண்டும் என்றார். “என் குதுரைக்கு எடது வலது தெரியாதே சார்” என்றார் ஒரு ஜட்காக்காரர்.

“உங்களுக்குத் தெரியுமே, போதும்” என்றார் ராகவராவ்.

வண்டி போகும்போது வண்டிக்காரர் தூங்கக் கூடாது என்றார். மணலிப் பக்கத்திலிருந்து வைக்கோல் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் எழுந்தார். “மாடு தூங்கலையே சார்!” என்றார். ஹாலே சிரித்தது. ராகவராவும் சிரித்தார். ஆனால் விதியை மாற்றவில்லை. “எதிரே லாரி வந்தால் மாடு பிரேக் போடாதே ஐயா” என்றார். பெரியவர் யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு துறைமுக ரோட்டு விதி வந்தது. அந்தத் தற்காலிகத் தடை இனி நிரந்தரம்.

நான் எழுந்தேன். தடை இருக்கட்டும், ஆனால் நோயாளியையோ பிள்ளைத்தாய்ச்சியையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ரிக்‌ஷாவுக்கு மட்டும் வழிவிட வேண்டும் என்று கேட்டேன்.

லாரி முதலாளி ஒருவர் எழுந்துகொண்டார். “அப்படி ஒரு ஓட்டை வைத்தால் நாளைக்கு ரிக்‌ஷாவில் போகிறவன் எல்லாருமே நோயாளிதான். அந்த அம்மா சொல்கிற மாதிரி ஒரு கேஸாவது நடந்திருக்கிறதா? கேளுங்கள்.”

ராகவராவ் என்னைப் பார்த்தார். “நடந்திருக்கிறதாம்மா? ஒன்று சொல்லுங்கள், போதும். இந்த ரோட்டில் ஒரு சாவைப் பார்த்துத்தான் நான் இந்தத் தடையைக் கேட்டு வாங்கினேன். அதைத் தளர்த்த எனக்கு ஒரு காரணம் வேண்டும்.”

அது நான் வெளியே சொல்லக் கூடிய கதை அல்ல. ஹாலின் பின்வரிசையில் கரி படிந்த துண்டோடு நின்ற கன்னியப்பனைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று.

“நடந்துக்குது.”

வாசல் பக்கமிருந்து வந்த குரல். பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாக்கியம் வந்தாள். இடுப்பில் குழந்தை. பின்னால் முத்தாலம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, “வோணாண்டி, வந்துடுடி” என்று முனகிக்கொண்டே வந்தாள்.

“எனக்குத்தான் நடந்துச்சு” என்றாள் பாக்கியம்.   “அந்த ரோட்டுலதான் இவன் பொறந்தான். அதோ நிக்கிறாரே, அவரு வண்டிலதான். கேட்டுல காத்துகினு இருந்தா நானும் இல்ல, இவனும் இல்ல. எங்க வூட்டு மானத்துக்காவ அவரு கோர்ட்டுல வாயத் தொறக்கல. வில்லை பூடுச்சு. கரி சொமக்கறாரு. நடு ரோட்டுல பெத்தவன்னு என்னிய சொல்லுவாங்கோளாம். சொல்லட்டும். பெத்தேன்ல?”

 குழந்தை ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதிகாரியின் குடைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

முத்தாலம்மா முந்தானையை விட்டாள். “சத்தியம் வாங்கினது நாந்தான் சாமி” என்றாள் ராகவராவிடம். “அந்த ஆளு மேல ஒரு தப்பும் இல்ல. வில்லையக் குடுத்துடுங்கோ.”

பின்டோவும் எழுந்து நின்றார். “நான் சாட்சி சார். கண்ணால பாத்தேன்.”

ராகவராவ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கன்னியப்பனை முன்னால் கூப்பிட்டார். தன் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டு கேட்டார். “அந்த ரோட்டில் ரிக்‌ஷா போகலாமா, கூடாதா? நீர் என்ன சொல்கிறீர்?”

“கூடாதுங்க” என்றார் கன்னியப்பன். “கோயிந்தன நாந்தான் எடுத்தேன். சும்மா போற சவாரிக்கு அந்த ரோடு வோணாம். உசுருக்குப் போறவனுக்கு மட்டும் வுடுங்கோ. வுடும்போது லாரிய நிறுத்திட்டு வுடுங்கோ. இல்லாட்டி அவனும் சாவான், உள்ள இருக்கறவங்களும் சாவாங்கோ.”

“அப்படியே எழுதுகிறேன்” என்றார் ராகவராவ்.

எந்த நிறம்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உயிருக்குப் போகிற ரிக்‌ஷா எது என்று லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? அடையாளம் வேண்டும்.

வெள்ளைத் துணி கட்டலாம் என்றார் ஒருவர். ரோட்டில் பாதிப் பேர் வெள்ளை வேட்டிதான் என்றார்கள். சிவப்பு என்றார் இன்னொருவர். துறைமுகத்தில் எங்கே பார்த்தாலும் சிவப்புக் கொடிதான், யார் மதிப்பார்கள் என்றார்கள்.

“மஞ்சத் துணி கட்டுங்கோ. நல்ல காரியம்” என்றாள் முத்தாலம்மா.

பின்டோ விழுந்து விழுந்து சிரித்தார். “சார், கப்பல்ல மஞ்சக் கொடி ஏத்தினா உள்ள தொத்து நோய் கீதுன்னு அர்த்தம். ஹார்பர்ல அத்தப் பாத்தா ஒருத்தன் கிட்ட வர மாட்டான்!”

“அப்படியானால் ரொம்ப நல்லது” என்றார் ராகவராவ். “மதிக்கிறவன் மரியாதைக்கு ஒதுங்கட்டும். மதிக்காதவன் பயந்து ஒதுங்கட்டும்.”

மஞ்சள் என்றே விதியில் எழுதினார்கள். ரிக்‌ஷாவின் மேல்மூடியில் மஞ்சள் துணி கட்டி வந்தால், அந்த ரோட்டில் மற்ற எல்லா வண்டிகளும் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். பொய்யாகக் கட்டினால் வில்லையைப் பறித்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்காது. லாரி முதலாளிகூட அதற்கு ஆட்சேபணை சொல்லவில்லை. கன்னியப்பனுக்கு வில்லையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ராகவராவ் சிபாரிசு செய்தார். விதிகள் அமலுக்கு வரும் முன்பே அது வந்து சேர்ந்தது.

சட்டம் என்றால் பெரிய கட்டடத்துக்குள்ளே பெரிய மனிதர்கள் பேசி முடிவு செய்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு குப்பத்துப் பெண்ணும் அவள் மாமியாரும் ஒரு ரிக்‌ஷாக்காரரும் வாய்விட்டுச் சொன்னதை, ஒரு சர்க்கார் அதிகாரி வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் தடவை

மஞ்சள் துணி முதன்முதலாகக் கட்டப்பட்டது ஒரு மழைவிட்ட காலையில். துறைமுகக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு ஜன்னி. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். கன்னியப்பன் துணியைக் கட்டி முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

ரோட்டு முனையில் பின்டோ நின்றார். துணியைப் பார்த்ததும் ரோட்டின் நடுவே போய் இரண்டு கையையும் தூக்கினார்.

முதல் லாரி நின்றது. அதன் பின்னால் அடுத்தது. மாட்டு வண்டிகள் கிடங்கு ஓரமாக ஒதுங்கின. கைவண்டிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோடு நின்றார்கள். ஒரு ஜட்காக்காரர் குதிரையின் கண்ணைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டார். விதியைப் பற்றிக் கேள்விப்படாத ஒரு மாலுமி மூக்கைப் பொத்திக்கொண்டு கிடங்குக்குள் ஓடினான். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த ரோட்டில் கடல் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன்.

கன்னியப்பன் பழக்கதோஷத்தில் சுவரை ஒட்டியே ஓட ஆரம்பித்தார்.

“டேய், நடுவுல போடா!” என்று கத்தினார் பின்டோ. “ரோடு உன்னுதுடா!”

கன்னியப்பன் கொஞ்சம் தயங்கினார். பிறகு நடுவுக்கு வந்தார். இரண்டு பக்கமும் நின்ற வண்டிகளுக்கு நடுவே, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு அந்த ரோடு நேராகக் கிடந்தது. அவர் ஓட்டம் மாறியது. தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுகிறவர், தோளை விரித்து ஓடினார்.

பாதி தூரம் போனதும், திரும்பாமலேயே சொன்னார்:

“நர்ஸம்மா... இம்மாம் வர்ஷம் வலிக்கிறேன். இந்த ரோடு இத்தினி அகலமா கீதுன்னு இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்.”